கொட்டிலுக்குள் ஒரு லேத்

ஊவா மலைகளில் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும். பேர்போன ஊவாத் தேயிலை அந்த மாதங்களில்தான் கிடைக்கும். பெக்டரி இரவு பகல் பாராமல் ஓடும். அந்த நேரம் பார்த்து ரோலர் ஒன்று நின்றுவிட்டால் எவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. உருட்டிய இலை நிறம் மாறிக்கொண்டே போகும். டீமேக்கர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கிராங்க் புஷ் தேய்ந்துபோயிருந்தால் கொழும்பிலிருந்து புதிது வரும்வரை பொறுக்க வழியில்லை. பட்டறை லேத்தில் அன்றைக்கே கடைசல் பிடித்துப் போட்டாக வேண்டும். அப்படியொரு பெக்டரிப் பட்டறையில்தான் நான் தொழில் பழகினேன். அப்பா அதே பெக்டரியில் இன்ஜின் டிரைவர். பிட்டருக்கு உதவியாளாக என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

இப்போது ஹல்துமுல்லையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, ஒரு லேத்தும் சின்ன மில்லிங் மெஷினும் வைத்திருக்கிறேன். மரக்கறித் தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்ப், மருந்தடிக்கும் மெஷின், த்ரீவீல், கை டிராக்டர் என்று எல்லாவற்றிலிருந்தும் தேய்ந்த ஷாஃப்ட், பிளந்த புஷ், கீ அறுந்த கப்பி வந்து சேரும். அவற்றோடு ஒரு கேள்வியும் வருகிறது. "அண்ணே, நானும் வீட்டிலேயே ஒரு லேத் போடலாம் என்று பார்க்கிறேன். எதை வாங்கலாம்?"

கேட்கிறவர்கள் மெஷினின் விலையை மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். என் பதில் எல்லாருக்கும் ஒன்றுதான்: கையிலிருக்கும் காசில் பாதிக்கு மேல் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். வேலையைப் பிடிக்கும் சக், வெட்டும் டூல், அளக்கும் கருவி, மெஷின் நிற்கும் அடித்தளம், இந்த நான்குக்கும் மீதிக் காசு வேண்டும். இவை சரியாக அமைந்துவிட்டால் தாத்தா காலத்து லேத்தும் நூறில் ஒரு மில்லிமீற்றர் கணக்கில் வேலை தரும். இவை இல்லையென்றால், அன்றுதான் பெட்டியிலிருந்து பிரித்த மெஷினும் நடுங்கும், கத்தும், வரிவரியாக வெட்டும். வாங்கியவர் நாளடைவில் துணி போட்டு மூடிவிடுவார்.

இந்த மலைக்கு இயந்திர வேலை ஏறி வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நம் கைக்கு வரும் அளவுகளும் புரிகளும் அந்த வழியாக வந்தவைதான். காப்பிக் காலத்திலேயே, 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் தொடங்கிய தொழில் பின்னாளில் வோக்கர் சன்ஸ் என்ற பெயரில் தேயிலை பெக்டரிகளுக்கு இயந்திரம் கொடுத்தது. வில்லியம் ஜெக்சன் 1870களில் அஸாமில் உருவாக்கிய ரோலரை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனி செய்து அனுப்பியது. இலையைக் காயவைக்கும் சிரொக்கோ டிரையரைப் பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சனின் கம்பனி செய்து அனுப்பியது. தோமஸ் லிப்டன் தம்பேதன்னவில் பெக்டரி கட்டியது 1890இல். ரயில் அப்புத்தளைக்கு வந்ததோ 1893இல். அதற்கு முன் வந்த இரும்பெல்லாம் கடைசித் தூரத்தை மாட்டுவண்டியில்தான் ஏறியிருக்க வேண்டும். அவ்வளவு கனமான சாமானை மறுபடி மலையிறக்கி ரிப்பேர் செய்து ஏற்றுவதென்பது நடக்கிற காரியமா? அதனால்தான் பெக்டரிக்குப் பக்கத்திலேயே பட்டறையும், பட்டறைக்குள் லேத்தும் வந்தன.

வந்த சாமான் எல்லாம் அங்குலக் கணக்கு. போல்ட்டின் புரி, ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த கணக்கு: 55 பாகைக் கோணம், அரை அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 புரி. இன்று கடையில் கிடைக்கும் 12 மில்லிமீற்றர் போல்ட்டின் கோணம் 60 பாகை, புரிக்குப் புரி 1.75 மில்லிமீற்றர். அதைப் பழைய அரை அங்குல நட்டுக்குள் விட்டால் இரண்டு சுற்று இலகுவாகப் போகும், சரி என்று தோன்றும், பிறகு ஸ்பானரால் இறுக்கும்போது புரியைத் தின்றுவிடும். பழைய பெக்டரிச் சாமானும் ஜப்பான் பம்பும் ஒரே நாளில் வருகிற ஊரில் லேத் வாங்குகிறவர், இரண்டு கணக்கிலும் புரி போடக்கூடிய லேத்தாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அந்தப் புள்ளி நான்கைப் பிசகில்லாமல் கொண்டுவர 127 பல்லுள்ள கியர் ஒன்று தேவை. பழைய லேத் பார்க்கப் போனால் மாற்றுக் கியர்களைக் கொட்டிப் பல்லை எண்ணுங்கள். 127 இருந்தால் அது தனிப் பெறுமதி. இல்லாவிட்டால் 63 பல்லுக் கியரை வைத்துக் கிட்டத்தட்டச் சமாளிக்கலாம். குட்டையான போல்ட்டுக்கு அது போதும், நீளமான லீட் ஸ்குரூவுக்குப் போதாது.

பெரிய மெஷின் என்றால் பெரிய வேலை வரும் என்று நினைப்பது தவறு. நம் பக்கத்தில் வருகிற ஷாஃப்ட் பெரும்பாலும் 16இலிருந்து 30 மில்லிமீற்றருக்குள் இருக்கும். கப்பி 150, மிஞ்சினால் 200. சென்டர் உயரம் மூன்றரை அங்குலம் உள்ள ஒரு லேத் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் மைஃபோர்ட் கம்பனி வெளியிட்ட எம்எல்7 லேத் இந்த அளவுதான். உலகமெங்கும் வீட்டுப் பட்டறைகளுக்குள் புகுந்த மெஷின் அது. கம்பனி மூடிய பிறகும் பழைய மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்று எளிதாகக் கிடைப்பது சீனத்து மினி லேத்: 180 மில்லிமீற்றர் விட்டம் சுற்றும், 300 மில்லிமீற்றர் நீளம், நாற்பது கிலோவை ஒட்டிய எடை. ஒருவர் துணை இருந்தால் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். அந்த எடைதான் அதன் வசதி, அதன் குறையும் அதுவே. இரும்பில் ஆழமாக வெட்டப் போனால் உடம்பு நெளியும். அரை மில்லிமீற்றர் ஆழத்தில் பொறுமையாகப் போகிறவருக்கு அது உழைக்கும். வந்த உடனே கழற்றி, கப்பலுக்காகப் பூசி அனுப்பிய சிவப்புக் கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி, சறுக்குப் பகுதிகளின் கிப் திருகுகளைச் சரிசெய்த பிறகே ஓட்ட வேண்டும். இதைச் செய்யாமல் மெஷினைக் குறை சொல்கிறவர்களின் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய மெஷின் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடினால் கிடைக்கும். மூடிய பட்டறைகளின் ஏலத்திலும் கிடைக்கும். புதிய பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். போகும்போது ஒரு டயல் கேஜும், நேரான ஒரு கம்பித் துண்டும், ஒரு மரக்கட்டையும் எடுத்துப் போங்கள். கம்பியைச் சக்கில் பிடித்து, டயலை அதன்மேல் வைத்து, கட்டையால் கம்பியை மேலே நெம்பிப் பாருங்கள். முள் நூறில் இரண்டு மூன்று அசைந்தால் பரவாயில்லை. பத்தில் ஒன்று அசைந்தால் பெயரிங் போயிருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள். அடுத்தது பெட். லேத்தில் எல்லாரும் சக்குக்குப் பக்கத்தில்தான் வேலை செய்வார்கள், பெட் தேய்வதும் அங்கேதான். டூலைச் சுமந்து பெட்டில் ஓடும் கேரேஜைச் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, லேசாக இறுகும்படி கிப்பைத் திருகிவிட்டு, அப்படியே டெயில்ஸ்டொக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால் பெட்டின் தேய்வு எவ்வளவு என்று கைக்கே தெரியும். கிராஸ் ஸ்லைட் கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றினால் பயப்பட வேண்டாம், வெண்கல நட் ஒன்று மாற்றினால் தீரும், அதை நீங்களே கடைந்துகொள்ளலாம். பெட் தேய்வு அப்படித் தீராது. அதைத் திரும்பச் சமப்படுத்த ஆகிற செலவில் வேறொரு லேத்தே வாங்கிவிடலாம். பேக் கியர் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மின்சாரத்தைப் பார்த்துப் பின்வாங்கிப் போகிறவர்கள் அதிகம். வீட்டுக்கு வருவது ஒற்றைப் பேஸ், 230 வோல்ட். பழைய தொழிற்சாலை லேத்துகளில் மூன்று பேஸ் மோட்டர் இருக்கும். அதற்காக நல்ல மெஷினை விட்டுவிட வேண்டியதில்லை. மோட்டரின் தகட்டில் 230/400 என்று பொறித்திருந்தால் உள்ளிணைப்பை டெல்டாவுக்கு மாற்றி, ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும் இன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு ஓட்டலாம். வேகத்தைக் குமிழைத் திருப்பியே கூட்டவும் குறைக்கவும் முடியும். மெல்லத் தொடங்குவதால் வீட்டு லைட்டும் மங்காது. இன்வெர்ட்டருக்கும் மோட்டருக்கும் நடுவில் மட்டும் சுவிட்ச் வைக்க வேண்டாம்; ஓட்டத்தில் அதை அணைத்தால் இன்வெர்ட்டர் எரிந்துபோகலாம். தகட்டில் 400 மட்டும் இருந்தால் மோட்டரையே மாற்றுவது நல்லது. ஒரு குதிரைவலு போதும். எர்த் கம்பியைத் தெரிந்த மின்வேலைக்காரரை வைத்துப் போடுங்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பகுதிக்கே உரிய ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொட்டில் போட இடமில்லை என்று வீட்டுக்குப் பின்னால் மலைச் சரிவை வெட்டுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அது எங்கள் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான். சரிவில் மண்வெட்டி வைப்பதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலர்களிடம் கேளுங்கள். வெட்ட வேண்டாம் என்றால் வெட்டாதீர்கள். சமையலறையின் ஒரு மூலையில் மினி லேத் வைத்தும் தொழில் செய்யலாம்.

லயத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு யோசனை. லேத் அதிகம் சத்தம் போடாது. கிரைண்டர்தான் சுவரைத் தாண்டிக் கேட்கும். அடுத்த காம்பராவில் பிள்ளை படிக்கிற நேரத்தில் கிரைண்டரைப் போடாமல் இருந்தால் சண்டை வராது. கிரைண்டரை லேத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. பறக்கிற தூள் பெட்டின் எண்ணெயில் ஒட்டி, சறுக்குப் பகுதியை அரம்போல் அராவிவிடும்.

பிறகு மூடுபனி. மாலை மூன்று மணிக்கு மேல் பேரகலைப் பக்கமிருந்து பனி வந்தால் கொட்டிலுக்குள் இருக்கும் குளிர்ந்த இரும்பில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும். துடைக்காமல் விட்டால் காலையில் பெட்டில் செம்மஞ்சள் நிறம் பார்க்கலாம். வேலை முடிந்ததும் சீவலைத் தூரிகையால் தட்டி, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியால் மூடுங்கள். பொலித்தீன் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். மூடிய துணிக்குள் துணியைத் தொடாதபடி ஒரு சின்ன பல்பை எரியவிட்டால் இரும்பு சுற்றியுள்ள காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும், ஈரம் படியாது. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. பழைய இழை பல்ப்தான் வேண்டும். கழித்த இன்ஜின் எண்ணெயைப் பெட்டில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன, தோலுக்கும் ஆகாது. 68ஆம் இலக்க ஸ்லைட்வே எண்ணெய் ஒரு போத்தல் வாங்கினால் நீண்ட நாள் வரும்.

லேத்தை நிறுத்துவதுதான் அதிகம் பேர் தாண்டிப் போகிற வேலை. அதற்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கனமான மேசையில் நான்கு காலையும் போல்ட் போட்டு இறுக்கும்போது, மேசை சமமாக இல்லாவிட்டால் பெட் முறுகும். கண்ணுக்குத் தெரியாது, வேலையில் தெரியும். கடைகிற கம்பி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். அதைக் கண்டுபிடிக்க, 25 மில்லிமீற்றர் கம்பி ஒன்றைச் சக்கிலிருந்து 150 மில்லிமீற்றர் நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டொக்கைத் தொட வேண்டாம். இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு வளையம் விட்டு நடுவைக் குறைத்துவிடுங்கள். பிறகு டூலை அசைக்காமல் இரண்டு வளையத்திலும் ஒரே ஓட்டமாக மெல்லிய வெட்டு. மைக்ரோமீற்றரால் அளந்தால், டெயில்ஸ்டொக் பக்கத்து வளையம் பெரிதாக இருக்கிறதா? அந்தப் பக்கத்தின் முன்காலுக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். சிறிதாக இருந்தால் பின்காலுக்கு. மறுபடி வெட்டி அளந்து பாருங்கள். இரண்டும் நூறில் ஒன்றுக்குள் ஒத்துவரும்வரை விடாதீர்கள். தகட்டுக்குக் குளிர்பானத் தகரம் போதும். ஒரு தகரம் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீற்றர்.

இனி டூல். இரும்பை வேகமாக வெட்டும் ஹைஸ்பீட் ஸ்டீலை டெய்லரும் வைட்டும் அமெரிக்காவில் உருவாக்கி 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார்கள். கார்பைட் ஜெர்மனியில் குருப் கம்பனியிடமிருந்து 1920களின் பிற்பாதியில் விற்பனைக்கு வந்தது. இன்று கடைக்காரர் முதலில் காட்டுவது கார்பைட் டிப்பைத்தான். அது வேகத்தையும் ஆழத்தையும் கேட்கிற பொருள்; சின்ன லேத் இரண்டையும் கொடுக்காது. டிப்பின் மழுங்கிய விளிம்பு மெல்லிய வெட்டில் வெட்டாமல் தேய்க்கும். ஆகவே வீட்டு லேத்துக்கு 8 மில்லிமீற்றர் சதுர ஹைஸ்பீட் துண்டுகளை வாங்கி, நீங்களே தீட்டப் பழகுங்கள். முன்பக்கமும் பக்கவாட்டும் 8 பாகை அளவுக்குச் சரிய வேண்டும். இரும்புக்கு மேல்பக்கமும் 12, 14 பாகை பின்சரியலாம். பித்தளைக்கு மேல்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும், சரிந்தால் டூல் பித்தளைக்குள் தானாகக் குத்திக்கொண்டு போகும். தீட்டி முடித்ததும் எண்ணெய்க் கல்லில் விளிம்பை நான்கு தடவை இழுத்துவிடுங்கள். வார்த்துக் கெட்டியான தோலுள்ள பழைய இரும்புக்கும், வெல்டிங் நிரப்பிய ஷாஃப்ட்டுக்கும் கார்பைட் வேண்டும்தான். வெல்டிங் மேட்டில் ஹைஸ்பீட் நிற்காது.

டூலின் நுனி சென்டர் உயரத்தில் நிற்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மெல்லிய உருக்கு ரூலர் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, கம்பிக்கும் டூல் நுனிக்கும் நடுவே லேசாக நெருக்குங்கள். ரூலர் நேராக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்வு. சக் நிற்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. வெட்டு வேகத்தை 318ஆல் பெருக்கி விட்டத்தின் மில்லிமீற்றரால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். ஹைஸ்பீட் டூலால் மைல்ட் ஸ்டீல் வெட்ட நிமிடத்துக்கு 25 மீற்றர், வார்ப்பிரும்புக்கு 20, வெண்கலத்துக்கு 40 வரை போகலாம். 25 மில்லிமீற்றர் கம்பிக்கு 318 சுற்று வரும். 150 மில்லிமீற்றர் வார்ப்பிரும்புக் கப்பிக்கோ 42 சுற்றுத்தான். அந்த அளவுக்கு மெல்லச் சுற்ற, அதுவும் பலம் குறையாமல் சுற்ற, பேக் கியர் வேண்டும். இன்வெர்ட்டரால் வேகத்தை மட்டும் இறக்கினால் மோட்டரின் வலுவும் சேர்ந்தே இறங்கிவிடும்.

ஒரு புஷ்ஷை எப்படிக் கடைகிறேன் என்று சொல்கிறேன். மேலே சொன்னதெல்லாம் அதற்குள் வரும். ஷாஃப்ட் 50 மில்லிமீற்றர், புஷ் உட்காரும் ஓட்டை 65, நீளம் 75 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓட்டையோடு வார்த்த வெண்கலத் துண்டை நான்கு தாடைச் சக்கில் பிடிப்பேன். மூன்று தாடைச் சக் தானாக நடுப்படுத்தும், ஆனால் பத்தில் ஒன்று வரை தள்ளிப் பிடிக்கும். வார்ப்பு உருளையாக இல்லாதபோது சரியாகக் கவ்வவும் கவ்வாது. நான்கு தாடையில் ஒவ்வொன்றையும் தனியாக நகர்த்தி, டயல் முள்ளைப் பார்த்து நடுப்படுத்தலாம். முள் காட்டும் மொத்த அசைவில் பாதியைத்தான் நகர்த்த வேண்டும். பழகியவருக்கு இரண்டு நிமிட வேலை.

முகத்தைச் சமப்படுத்திவிட்டு, வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிப்பேன். ஒருமுறை கழற்றித் திருப்பிப் பிடித்தால் உள்ளும் வெளியும் ஒரே நடுவில் இருக்காது. அந்தப் புஷ் ஷாஃப்ட்டை ஒரு பக்கமாகத் தின்னும். வெளிவிட்டம் 65.05. அந்த நூறில் ஐந்துதான் அதை ஓட்டைக்குள் இறுக்கிப் பிடிக்கும். உள்ளே ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நூறில் ஐந்து இடைவெளி வேண்டும். பழைய பிட்டர்மார் இதை அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒன்று என்பார்கள். இரண்டு அங்குல ஷாஃப்ட்டுக்கு ஆயிரத்தில் இரண்டு, கணக்கு ஒன்றுதான். ஆனால் புஷ்ஷை உள்ளே அழுத்தும்போது அதன் ஓட்டையும் ஏறத்தாழ அதே அளவு சுருங்கும். ஆகவே 50.05 அல்ல, 50.10 கடைவேன். இதை அறியாமல் அளவாகக் கடைந்தால் புஷ் உள்ளே போனபின் ஷாஃப்ட் போகாது, பிறகு ஸ்கிரேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்வெட்டு டூல் நீண்டு மெலிந்தது, வெட்டும்போது வளையும். கடைசி இரண்டு வெட்டுக்கும் ஆழத்தைக் கூட்டாமல் ஒருமுறை சும்மா ஓட்டினால் வளைந்த டூல் நிமிர்ந்து மிச்சத்தை எடுத்துவிடும். வெளி விளிம்பில் சின்ன சரிவு, 6 மில்லிமீற்றர் எண்ணெய்த் துளை, உள்ளே எண்ணெய் பரவ ஒரு காடி. காடியை அந்தங்கள் வரை கொண்டுபோகாமல் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வெளியே ஓடிவிடும். பிறகு வெட்டி எடுத்து, நீண்ட போல்ட்டும் இரண்டு தட்டும் வைத்து இழுத்து ஏற்றுவேன். சுத்தியலால் அடிப்பதில்லை.

மில்லிங் மெஷின் லேத்துக்குப் பிறகுதான். காசு இருந்தால் இரண்டும் வாங்கலாம். ஒன்றுதான் என்றால் லேத். லேத்தின் கிராஸ் ஸ்லைட்டில் செங்குத்து ஸ்லைட் ஒன்றைப் பூட்டி, கட்டரை ஸ்பிண்டிலில் பிடித்தால் கீவே வெட்டுகிற அளவுக்கு மில்லிங் செய்யலாம். 25 மில்லிமீற்றர் ஷாஃப்ட்டுக்குக் கீவே 8 அகலம், ஷாஃப்டில் 4 ஆழம். 8 கட்டரை நேராக இறக்கினால் காடி அகன்றுபோகும். 6 கட்டரால் நடுவில் ஆழத்தை எடுத்துவிட்டு, இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீற்றர் விரித்தால் கீ கையால் தட்டினால் உட்காரும் இறுக்கம் கிடைக்கும். நடுவைக் கண்டுபிடிக்க, எண்ணெயில் நனைத்த தாள் துண்டை ஷாஃப்ட்டின் பக்கத்தில் ஒட்டி, சுற்றுகிற கட்டரை நகர்த்தி வாருங்கள். கட்டர் தாளைப் பறிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து ஷாஃப்ட்டின் பாதி 12.5, கட்டரின் பாதி 3, தாளுக்கு 0.1, மொத்தம் 15.6 நகர்த்தினால் நடு. தாள் நீளமாக இருக்கட்டும், விரல் கட்டருக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

மில்லிங்கில் இரண்டு விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, எண்ட் மில்லைத் துளைக்கிற சக்கில் பிடிக்கக் கூடாது. அந்தச் சக் கீழ்நோக்கிய அழுத்தத்துக்குச் செய்தது. பக்கவாட்டு உதறலில் அதன் டேப்பர் கழன்று, சக்கும் கட்டரும் சுற்றிக்கொண்டே விழும். கொலெட் வாங்குங்கள், மேலிருந்து இழுபோல்ட் போட்டு இறுக்குங்கள். மற்றது, சின்ன மெஷினில் கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் வேலையைத் தள்ள வேண்டும். அதே திசையில் தள்ளினால் திருகில் இருக்கும் தளர்வு அளவுக்குக் கட்டர் வேலையை உள்ளே இழுத்துக் கவ்வும். கட்டர் உடையும், அல்லது வேலை பறக்கும். வேகக் கணக்கு இங்கேயும் அதுவே. விட்டம் மட்டும் கட்டரின் விட்டம். 10 மில்லிமீற்றர் கட்டருக்கு இரும்பில் 800 சுற்றை ஒட்டி.

வீட்டுப் பட்டறையில் ஆபத்து வீட்டு உடையால்தான் வருகிறது. சாரம் உடுத்துக்கொண்டு லேத் பக்கம் போகாதீர்கள். கோயிலில் கட்டிய கைநூல், மோதிரம், சங்கிலி, நீண்ட சட்டைக் கை எதுவும் கூடாது. குளிருக்கு மஃப்ளர் சுற்றுவது எங்கள் ஊர்ப் பழக்கம், அதை ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள். கையுறையும் வேண்டாம், கையுறையின் ஒரு நூலைப் பிடித்தாலே லேத் கையை உள்ளே இழுத்துவிடும். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவல் கத்தியைவிடக் கூர்மை, கொக்கிக் கம்பியால் இழுங்கள், அதுவும் மெஷினை நிறுத்திவிட்டு. சக் சாவியைச் சக்கில் விட்டுக் கையை எடுக்கக் கூடாது. எங்கள் பிட்டர் ஐயா சாவி சக்கில் இருக்கும்போது இடக்கையால் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பார். கை எடுபடும்போது சாவியும் கூடவே வரும். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் நானும் பழகினேன். பிள்ளைகள் ஓடித்திரியும் வீடு என்றால் பூட்டுப் போடக்கூடிய மெயின் சுவிட்ச் வையுங்கள். கண்ணாடி அணியாமல் நான் கடைவதும் இல்லை, கொட்டிலுக்குள் வேடிக்கை பார்க்க எவரையும் விடுவதும் இல்லை.

பழக விரும்பும் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், பதுளை தொழில்நுட்பக் கல்லூரி, மொரட்டுவை ஜெர்மன் டெக் ஆகிய இடங்களைக் கேட்டுப் பாருங்கள். என்.வி.கியூ. சான்றிதழ் கையில் இருந்தால் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலைக்கு அது பேசும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்கு மூட்டை தூக்கப் போவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஷாஃப்ட் ஒன்றை அளவுக்குக் கடையத் தெரிந்தவன் சொந்த ஊரிலேயே உழைக்கலாம் என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பம்ப் இருக்கிற தோட்டங்கள் எத்தனை, அந்தப் பம்புகளுக்கு லேத் வேலை செய்யும் கைகள் எத்தனை?

தொடங்குகிறவர் வேலைக்கு எவ்வளவு கேட்பது என்று தடுமாறுவார். உலோகத்தின் விலையைத் தனியாகக் காட்டுங்கள், வெண்கலம் எடைக்கு விலை என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். கூலியை நேரத்துக்குக் கணக்கிடுங்கள். டூல் தீட்டிய நேரமும், சக்கில் நடுப்படுத்திய நேரமும் அதற்குள் வர வேண்டும். ஷாஃப்ட்டுக்குப் பழைய லொறி அக்ஸலை வெட்டிக் கொண்டுவருவார்கள். அது உறுதியான உருக்கு, கடைய நேரமெடுக்கும். வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். எந்த வேலை வந்தாலும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க மறக்காதீர்கள்: யாருடைய பம்ப், என்ன மாதிரி, ஷாஃப்ட் அளவு, புஷ்ஷின் உள்ளும் வெளியும், எந்தப் புரி. பெக்டரிப் பட்டறையில் ரோலருக்கு ஒரு பக்கம் என்று அப்படியொரு கொப்பி இருந்தது. என் கொட்டிலிலும் ஒன்று இருக்கிறது. மறுபடி அதே பம்ப் மக்கர் பண்ணினால் கழற்றிக்கொண்டு மலையேற வேண்டாம், போனில் சொன்னால் போதும் என்று சொல்லிவிடுகிறேன். அவர் பஸ்ஸில் வந்து இறங்கும்போது புஷ் மேசையில் தயாராக இருக்கும்.